அமலி முகம் திருப்பும் நாட்கள்

ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கம்பி மத்தாப்புப் பெட்டிகளின் மேல் சிரித்துக்கொண்டிருந்த என் மகள் அமலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைகளில் அடுக்கியிருந்த பெட்டிகளிலும், தார்ப்பாய்க்கு அடியில் நாக்பூருக்குப் போய்க்கொண்டிருந்த பெட்டிகளிலும், பட்டாசு ஆபீஸின் பேக்கிங் கொட்டகையில் பசைகூடக் காயாத லேபிள்களிலும், ஒரே நேரத்தில், கண்ணும் பல்லும் மறைந்து ஒரு காதும் ஒரு சிவப்புக் கிளிப்பும் மட்டும் தெரிந்தன. பேக்கிங்கில் இருந்த பெண்கள், "ஏத்தா, இந்தப் புள்ள யாரோட கோவிச்சுக்கிட்டா?" என்று சிரித்தார்கள். போர்மேன் பிரஸ்ஸுக்குப் போன் போட்டு அச்சைப் பார்த்து அடிக்கத் தெரியாதா என்று கத்தினார். அன்று மத்தியானம் கலவை ரூம் வெடித்தது. மூன்று பேர் போனார்கள். புகை அடங்கி, அழுகை தொடங்கி, யாரோ ஒருத்தி பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தபோது, ஒன்றுமே நடக்காததுபோல என் மகள் மறுபடி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் லேபிள் வரைகிறவள். சாத்தூர் ரோட்டில் எங்கள் பக்கம் மழை கிடையாது, வெள்ளாமை கிடையாது. ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசுத் தொழிற்சாலைகளும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளும், பெட்டிகளின் மேலே ஒட்டுகிற படங்களும்தான் உண்டு. என்னைப்போல வரைகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஒருவர் எந்த அம்மனை வரைந்தாலும் அவர் சம்சாரத்தின் மோவாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொருவர் நெட்டில் கிடைக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளை எடுத்து, முடியைக் கறுப்பாக்கிப் பொட்டு வைத்துவிடுவார். மத்தாப்பையே கண்டிராத அந்தப் பிள்ளைகள், பற்பசைக்குச் சிரித்த சிரிப்பை நம் தீபாவளிக்கும் சிரிக்கும். இப்போது வந்திருக்கிற பையன்கள் வாயால் சொன்னால் போதும், கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்துவிடுகிறது, விரல்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வெளிச்சத்தைக் காட்டிக் கொடுத்தது கான்வென்ட். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு சிஸ்டர் சின்னச் சின்ன சாமிபடம் கொடுப்பார். அதில் ஒன்றில் மாட்டுக்கொட்டகை முழுக்க இருட்டு, தொழுவத்தில் கிடக்கிற குழந்தையிடமிருந்து மட்டும் வெளிச்சம் எழும்பி, குனிந்து பார்க்கிறவர்களின் மோவாயிலும் மூக்குத் துவாரத்திலும் புருவத்தின் அடியிலும் பட்டிருக்கும். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் அது கணக்கு வாத்தியார் முகம், கீழேயிருந்து எழும்பினால் அதிசயத்தைப் பார்க்கிற முகம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அதனால்தான் நான் அட்டை முழுக்க முதலில் கருநீலத்தைப் பூசிவிடுவேன். இருட்டு காய்ந்த பிறகு மோவாயில் தொடங்கி மஞ்சளை மேல்நோக்கி ஏற்றுவேன். மத்தாப்பு லேபிளுக்கு அமலியை ஜன்னலோரம் உட்கார வைத்து, மடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்தேன். தட்டில் விழுந்த வெயில் அவள் மோவாய்க்குக் கீழே எழும்பியது, அவள் தலையை லேசாக இடதுபக்கம் திருப்பி அதைப் பிடிக்கப் பார்த்துச் சிரித்தாள். அதைத்தான் வரைந்தேன். அவளுக்கு அப்போது நாலு வயது.

அந்த வியாழக்கிழமை அவள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் இடதுபக்கம் திரும்பினாள், திரும்பினபடியே இருந்தாள். "அம்மா, முன்னாடி வரமாட்டேங்குது" என்றாள். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். மத்தியானம் ஜன்னல் அதிர்ந்தது, அதிர்ந்த கையோடு அவள் கழுத்து கட்டவிழ்ந்த கயிறு மாதிரி லேசாகி முன்னுக்கு வந்தது. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை, படத்தில் பிள்ளை திரும்பியதும் பெண்கள் ஒருவரும் உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே கருவேல மரத்தடியில் சாப்பாட்டு வாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே யாரும் இல்லாத ரூம் ஒன்று கூரை ஓடுகளை மேலே வீசி வெடித்து எரிந்தது. ஒருத்தி வாளியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள். மற்றவர்களும் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு எங்கள் ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று யார் கேட்கிறார்கள். நிலைப்படியில் பிள்ளையாருக்கு அல்லது மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு மத்தாப்பு லேபிளை ஒட்டினார்கள். விடிந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஷேர் ஆட்டோக்களில் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துவிட்டு அமலியைத் தொங்கவிட்டார்கள். திரும்புகிற நாளில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும் என்று மீன்காரர் அன்றைக்குக் கூடையை நிறைத்துக்கொண்டு வந்தார், கல்யாணத் தரகர் போட்டோக்களோடு வந்தார், பேன் பார்க்கிற பெண்கள் வாசலில் வரிசையாக ஒருத்தி மடியில் ஒருத்தி தலைசாய்த்து, மத்தியானம் வரப்போகிற சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டே நாத்தனாரைப் பற்றிப் பேசினார்கள். சத்தம் கேட்டதும், "அப்பாடி, முடிஞ்சுது" என்று எழுந்து சேலையை உதறிக்கொண்டு குடத்தைத் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "நாளைக்குத் திரும்பணும் மாதாவே, நாளைக்குத் திரும்பணும்" என்று வேண்டிக்கொண்டார்கள், அன்றைக்கு அம்மா வீட்டில் இருப்பாள் என்பதால்.

திரும்புகிற நாளில் என் வீட்டுக்குப் பெண்கள் கும்பலாக வருவார்கள். அமலி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்; சுவருக்கும் அவளுக்கும் நடுவில் முறைவைத்து ஒருத்தி நுழைந்துகொண்டு சோறு ஊட்டுவாள், கதை சொல்லுவாள், மூக்கைச் சிந்திவிடுவாள். அவள்மேல் அவர்களுக்கு இருந்த பிரியத்தில் பொய்யே கிடையாது. நான்தான் அடுப்படியில் நின்று பயந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் கழுத்து முன்னுக்கு வர முன்பைவிட நேரம் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அளவு குறைவாக வந்தது. வேறு யாருக்கும் அது தெரியாது. முகத்தை அளந்து வரைகிறவளுக்குத் தெரியும்.

அவளைத் தூக்கிக்கொண்டு வாடிப்பட்டியில் என் அம்மா வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். அங்கேயும் திரும்பினாள். லோடு லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சவரிமுத்து வடக்கே எங்கேயோ இருந்து போன் பண்ணினார்: "பின்னாடி பெட்டியெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு பிலோமி. புள்ள நல்லாருக்காளா?" சுவரோரம் உட்கார வைத்திருக்கிறேன் என்றேன். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போன காகிதமே திரும்புகிறது என்றால் நான் எவ்வளவு தூரம் ஓட முடியும்?

அடுத்த வீட்டு முத்துச்செல்வி அக்கா பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் வேலை செய்கிறவள். ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். "லேபிளை மாத்தச் சொல்லப் போறேன்க்கா. எம்புள்ள கழுத்து கொஞ்சம் கொஞ்சமா அங்கேயே நின்னுபோகுது."

அக்கா அமலியின் கழுத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலுமினியப் பவுடர் ஏறிப்போன விரல்கள், தேய்த்த இடமெல்லாம் வெள்ளியாய் மினுங்கியது.

"மாத்திரு தாயீ" என்றாள். "நீ பெத்தவ. நான் என்னத்தச் சொல்ல." இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். "என்னைக்கு மாத்துறன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிரு. அதுக்குள்ள மூத்தவளுக்கு ஒரு எடத்தப் பாத்து முடிச்சிர்றேன். நான் இருக்கும்போதே."

நான் அந்த மாதம் போய்ச் சொல்லவில்லை.

முதலாளியே வீட்டுக்கு வந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெடித்த நாளில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார், மறுநாள் லோடு போயாச்சா என்று கேட்பார். ஏற்கனவே அவருக்கும் பெண்களுக்கும் தகராறு ஆகி, சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார்கள்: பிள்ளை திரும்பினால் எல்லாரும் வெளியே, கேட்பார் கிடையாது, திரும்பவில்லை என்றால் எல்லாரும் உள்ளே, தலைவலி வயிற்றுவலி கிடையாது. இரண்டு தரப்பும் எரிகிற மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார்கள்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து அமலியின் காதைப் பார்த்தார். அன்றைக்கும் திரும்பிய நாள்தான். "ஏம்மா பிலோமி, ஒரு ரூமுக்காக நாப்பது ரூமையும் பூட்டச் சொல்லுதா ஒம்மக. எந்த ரூமுன்னு சொல்லச் சொல்லு, மத்ததுல வேலையப் பாப்போம்."

"எனக்குத் தெரியாது தாத்தா" என்றாள் அமலி, சுவரிடம்.

"அண்ணாச்சி, வேற புள்ளையப் போட்டுக்குங்க" என்றேன். "இவளை விட்டிருங்க." சொல்லிவிட்டு முத்துச்செல்வி அக்கா வீட்டுப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

அவர் சந்தோஷமாக எழுந்து போனார். ஒரு வாரத்தில் கம்ப்யூட்டர் வரைந்த பிள்ளை வந்தது. எல்லாப் பல்லும் ஒரே அளவு, எந்தப் பக்கமும் திரும்பாது. பேக்கிங் பெண்கள் அந்த லேபிள் கட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். "இது யாரு வீட்டுப் புள்ள? இதுக்கு நம்மள்ல யாரைத் தெரியும்?" என்று கேட்டார்கள். புரட்டாசி பிறந்துவிட்டது, தீபாவளி தலைக்குமேல் நின்றது, மறுபடி அமலியே போதும் என்று சொல்லியனுப்பினார் அண்ணாச்சி, கொஞ்சம் புதுமாதிரியாக.

பிரஸ்ஸில் இருந்த டிசைனர் பையன் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. புதிதாக வரைய நேரம் இல்லாதபோது எல்லா டிசைனரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். என் படத்தை ஒரு நகல் எடுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் புரட்டி, நடுவில் ஒரு புஸ்வாணத்தைப் பொங்கவிட்டு, இந்தப் பக்கம் ஒரு அமலியையும் அந்தப் பக்கம் புரட்டிய அமலியையும் நிறுத்தினான். ஜோடி லேபிளுக்கு வடக்கே எப்போதும் மவுசு. பெண்களுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. "ரெண்டு அமலி! ரெண்டு மடங்கு காவல்" என்று நிலைப்படிகளில் புது லேபிளை ஒட்டினார்கள். எனக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. படத்தில் கோணல் இருக்கிறதா என்று நாங்களே கண்ணாடியில் புரட்டிப் பார்க்கிறவர்கள்தானே.

அதன் பிறகு அமலி திரும்பவே இல்லை. புரட்டாசி முழுக்கத் திரும்பவில்லை. தெருவில் ஓடினாள், நேராகப் பார்த்துச் சண்டை போட்டாள், என் கண்ணைப் பார்த்தே பொய் சொன்னாள். நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆபீஸில் ஒன்றும் வெடிக்கவும் இல்லை. பெண்கள் லேபிளைப் பார்த்தார்கள், இரண்டு முகம் சிரித்தன, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காலை, பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, அமலி குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றாள், அதற்குமேல் பேச்சு வரவில்லை. முகம் நேராக இருந்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் நரம்பு, இருபக்கமிருந்தும் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரிப் புடைத்து நின்றது. நுரை மோவாயில் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது, தலை மட்டும் நடுங்கவில்லை.

ஓடிப்போய் நிலைப்படியைப் பார்த்தேன். இரண்டு பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தன. என் வேலையில் தப்பு எங்கே என்று தேடுகிற கண்ணோடு பார்த்தேன். நான் வரைந்த பிள்ளை இடதுபக்கம் திரும்பப் பார்த்தாள். புரட்டிய பிள்ளை வலதுபக்கம் திரும்பப் பார்த்தாள். காகிதத்தில் இரண்டு, குழாயடியில் நிற்பது ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து அவளுக்கு ஒரே கழுத்து. லட்சம் பெட்டி இந்தப் பக்கம் இழுக்க, லட்சம் பெட்டி அந்தப் பக்கம் இழுக்க, என் பிள்ளை நடுவில் நேராக நின்றாள், நாற்பது ரூமிலும் பெண்கள் நிம்மதியாக மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் தொங்கிக்கொண்டிருந்த லேபிளைத் தட்டிக் காட்டினார்: "நேராத்தானக்கா இருக்கா, எதுக்குப் பதறுதீக?" கேட்டில் வாட்ச்மேனும் அதையே சொன்னார். போர்மேன் வந்து அமலியின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார். "நேராப் பாக்குறா. கூட்டத்துல பேசுனது என்ன? நாங்களும் சத்தியம் பண்ணிருக்கோம், அவங்களும் பண்ணிருக்காங்க."

என் சத்தம் கேட்டு முத்துச்செல்வி அக்கா வந்தாள். வெறுங்கால், புருவம்வரை வெள்ளி. "புள்ளைக்கு என்ன பிலோமி?"

"திரும்பப் பாக்குறாக்கா. முடியல. அவளை ரெண்டு பக்கமும் பிடிச்சு வச்சிருக்காங்க."

அக்கா ஒரு விநாடி அமலியைப் பார்த்தாள். பிறகு ரூம்களைப் பார்த்து, "வெளிய வாங்கடி!" என்று கத்தினாள். பக்கத்து ரூம்களில் இருந்து கொஞ்சம் பேர் வந்தார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். நேராக இருந்தது.

"காய்ச்சலா இருக்கும், ஜன்னி கண்டா இப்படித்தான் வெடவெடன்னு இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"திரும்பாம நாம வெளிய போனா அடுத்து நெசமாவே திரும்பும்போது அண்ணாச்சி விடமாட்டாரு" என்றாள் இன்னொருத்தி. அதுவும் நியாயம்தான். "திரும்பட்டும். திரும்புனா வாரோம்."

நான் மண்ணில் மண்டியிட்டு அமலியை முன்னால் நிறுத்தினேன். அவள் கண் மட்டும் என்னைப் பார்த்தது. "அம்மா ஒண்ணு பண்ணப்போறேன்" என்றேன். "வலிக்குமா" என்று பல்லுக்குள்ளே கேட்டாள். "வலிக்கும்மா" என்றேன். ஒரு கையைக் கன்னத்திலும் ஒரு கையைப் பின்னந்தலையிலும் வைத்தேன். என் இடுப்பில் வந்து தூங்கிய தலை அது, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. இடதுபக்கமாகத் திருப்பினேன். முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. பேக்கிங் கொட்டகையில் இருந்துதான் அலறல் வந்தது. அங்கே ஒவ்வொரு லேபிளிலும் நான் வரைந்த பிள்ளை முகத்தைத் திருப்பியிருந்தாள், புரட்டிய பிள்ளையின் முகம் வெள்ளைச் சுண்ணாம்பு உதிர்வதுபோலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு ஓட்டம்தான். நாற்பது ரூமும் கருவேலங்காட்டுக்குள் கொட்டின. முள் குத்தியதை யாரும் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் என்கிற பெண் மட்டும் பாதி தூரம் வந்தவள், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புக்காகத் திரும்பிப் போனாள். தீபாவளிக்கு என்று வாங்கிய புதுச்செருப்பு. அவள் வாசலை எட்டும்போது அந்த ரூம்தான் வெடித்தது. மற்றவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள்.

அமலியின் கழுத்து முன்னுக்கு வரவில்லை. மதுரையில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "பிறவியிலேயே இப்படியா?" என்று கேட்டார், எலும்பெல்லாம் அந்தப் பக்கமாகவே வளர்ந்ததுபோல ஒழுங்காக இருந்தது. வலி இல்லை என்கிறாள். கோயிலில் அவளால் பீடத்தைப் பார்க்க முடியாது, பக்கச் சுவரில் இருக்கிற சிலுவைப்பாதைப் படங்களைத்தான் பூசை முழுக்கப் பார்க்கிறாள். தெருவே அவளுக்காக இடதுபக்கம் மாறிக்கொண்டது: அவளோடு பேசுகிறவர்கள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறார்கள், ஐஸ் வண்டிக்காரர் அந்தப் பக்கம் நிறுத்துகிறார், டீச்சர் அவள் பெஞ்சைக் குறுக்காகப் போட்டிருக்கிறார். எனக்கு மட்டும் பழக்கம் வரவில்லை. கூப்பிட்டுவிட்டு முகத்துக்காகக் காத்திருக்கிறேன்.

எல்லா நாளும் திரும்பியிருக்கிற பிள்ளை எதையும் சொல்வதில்லை. லேபிள்களிலும் அப்படியே, ஒரு காதும் ஒரு கிளிப்பும். தை பிறந்ததும் ஆபீஸைத் திறந்தார்கள், பெண்கள் போனார்கள். நிலைப்படியில் கை தானாக லேபிளைத் தொடும், பிறகு ஒன்றும் இல்லாமல் இறங்கும். போகிறவர்கள் யாரும் என் வீட்டைத் தாண்டும்போது பேசுவதில்லை. மாசியில் ஒரு ரூம் போனது. நான்கு பேர்.

அந்த நாலு பேரைப் புதைத்தும் எரித்தும் முடிந்த மறுவாரம் முத்துச்செல்வி அக்கா வந்தாள். தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, மூத்தவள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். வாசலுக்கு வெளியே இன்னும் சில பெண்கள் உள்ளே வராமல் நின்றார்கள். அமலியைச் சுற்றிக்கொண்டு போய் முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சிகிட்டப் பேசியாச்சு. லேபிளுக்கு என்னைய வரை."

"மத்தாப்புப் பெட்டியிலயாக்கா? யாரு..."

"கெழவி மூஞ்சியப் பாத்து எவன் வாங்குவான்னு கேக்குற. அதையேதான் அவரும் கேட்டாரு. வாங்குறவன் வாங்கட்டும். ஒட்டுறது நாங்கதான? வேற எதையும் ஒட்டமாட்டோம்னு சொல்லிட்டோம்." சேலை முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள், வெள்ளிப் பொடி பவுடரோடு சேர்ந்து இழுபட்டது. "எங்க உசுர ஒரு சின்னப் புள்ள கழுத்துல கட்டித் தொங்கவிட்டது போதும் தாயீ. என் கழுத்து வயசான கழுத்து. இது போனா அவ வருவா." வாசலில் நின்றவர்களில் ஒருத்தியைக் காட்டினாள். "அவளுக்கப்புறம் அவ."

நான் அட்டையை எடுத்து இருட்டைப் பூசினேன். அது காயும்வரை அக்கா கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். "சிரிக்கணுமா?" என்று கேட்டாள். சிரிக்கணும்க்கா என்றேன். பல்லை மூடியே பழகிய வாய், இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்து மூடிக்கொண்டது. வாசலில் இருந்த பெண்கள், "ஏ, அண்ணாச்சி ஒனக்கு முட்டி போட்டுக் கும்புடுதாருன்னு நெனச்சுக்கோடி" என்றார்கள். சிரித்துவிட்டாள். சிரிப்பு போவதற்குள் கோடுகளை இழுத்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் திரும்புற மாதிரி வரையட்டும்க்கா?" என்று கேட்டேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தான் தினமும் உட்கார்கிற ரூமை நினைத்துப் பார்த்தாள். இந்தக் கையால் சுவரைத் தொடுவதுபோல, அந்தக் கையால் மருந்துத் தட்டைத் தள்ளுவதுபோலக் காற்றில் தடவினாள்.

"ஒரு கதவை அட்டைப் பெட்டி போட்டு அடைச்சிருக்காங்க" என்றாள். "இன்னொரு கதவு எனக்கு வலது கைப்பக்கம். அங்கிட்டு வரை. கழுத்து திரும்பும்போதே காலும் சேந்து எந்திரிச்சிரும்ல."